பிரசங்கப் பெட்டியின் கொள்ளளவு

ஆறு மூலை உள்ள ஒரு பெட்டியில் எவ்வளவு அரிசி பிடிக்கும் என்று கணக்குப் போட உங்களில் யாருக்காவது தெரியுமா? பேரன் பேத்தியைக் கூப்பிடாதீர்கள். என் வயசுக்காரர்களைத்தான் கேட்கிறேன். சதுரப் பெட்டி என்றால் நீளத்தை அகலத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வீர்கள். உருண்டைப் பானை என்றால் "யாரு கண்டா" என்று கையை விரிப்பீர்கள். ஆறு மூலைக்கு என்ன செய்வீர்கள்? எனக்குத் தெரியும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றுமணலில் விளையாடிய வயதிலேயே தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். ஆனால் அதைத் தெரிந்துகொண்ட அந்தக் கோடையில் எங்கள் ஊரில் ஒருத்தியின் மானம் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குக் கீழே, தாமிரபரணிக் கரையில். ஜெர்மன் சண்டைக்கு முந்திய வருஷங்கள். கிறிஸ்தவர்களான எங்களை வேதக்காரர் என்பார்கள். வேதக்காரர் தெரு ஒன்று, அதன் முனையில் கோயில், கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம். மாதாகோயில், சர்ச்சு என்றெல்லாம் நாங்கள் சொல்வதில்லை, கோயில்தான். அங்கே ஆராதனை நடத்தும் குருவை ஐயர் என்போம். அப்பா பள்ளிக்கூடத்து வாத்தியார். ஊரே அவரைச் சார்வாள் என்று கூப்பிடும். கணக்கில் புலி. அந்தப் புலியைப் பிடித்து இழுக்க வாலும் அதுதான்.

அம்மா உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்படி மாடத்திலிருந்த சின்னக் கலயத்தில் போடுவாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. பிடியரிசி என்று பேர். கூழ் குடிக்கிற வீட்டில்கூட ஒரு பிடி கேழ்வரகாவது ஒதுக்கி வைத்து, அதைக் கொடுத்து அரிசி மாற்றிக்கொள்வார்கள். சனிக்கிழமை காலையில் அத்தை பையோடு வந்து வீடு வீடாக வாங்கிக்கொண்டு போய்க் கோயில் பெட்டியில் கொட்டுவாள்.

அத்தை எனக்கு உறவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் அத்தை. புருஷன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். ஆள் குட்டை, கை குட்டை, வாய் மட்டும் நீளம். "ஏட்டி, மூக்க உறிஞ்சாம நில்லு" என்று சொல்லாமல் என்னைக் கடந்து போனதில்லை. பெட்டிச் சாவியை மடியில் முடிந்து வைத்திருப்பாள். அவளுக்குச் சொத்து, சுகம், பதவி எல்லாம் அந்தச் சாவிதான்.

பெட்டி என்று சொல்கிறேனே, அது பிறக்கும்போது பெட்டியாகப் பிறக்கவில்லை. வெள்ளைக்கார ஐயர் காலத்துப் பிரசங்க பீடம் அது. ஆறு பக்கமும் தேக்குப் பலகை. உள்ளே நின்று பிரசங்கம் செய்ய ஒரு பக்கம் சின்னக் கதவு. பாளையங்கோட்டையிலிருந்து வண்டியில் புதுப் பீடம் வந்து இறங்கியதும், பழையதைக் கல்மேடையிலிருந்து இறக்கி, கதவை ஆணியடித்து அடைத்து, மேலே மூடி போட்டுப் பூட்டு வைத்து, கோயிலின் பின்மூலையில் அரிசிப் பெட்டியாக உட்கார வைத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய மரியாதை அதை விட்டுப் போகவில்லை. யாரும் அதில் சாயமாட்டார்கள். பிள்ளைகள் யாராவது மேலே ஏறிக் காலைத் தொங்கப்போட்டால் முதுகில் ஒன்று விழும். குருமார் நின்று வேதம் சொன்ன இடத்தில் மற்றவர்கள் கால் படுவதா!

அந்த வருஷம் மாசி பங்குனியில் வருகிற பிசான நெல் அறுப்பு நன்றாக இருந்தது. பெட்டி முதல் தடவையாக வாய்மட்டும் நிரம்பி, மூடியைத் தொட்டது. அசனம் வருகிற சமயம். அறுப்பு முடிந்தபின் சபை முழுவதும் கோயில் வளாகத்தில் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துதான் அசனம். கஞ்சிக்காரனும் காணிக்காரனும் அன்றைக்கு ஒரே பாயில் இருப்பார்கள். அக்கம்பக்கத்துச் சபைகளையும் கூப்பிடலாமே என்று சபை மூப்பருக்கு ஆசை வந்துவிட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். "சார்வாள், வாரி அளக்காமலே இதுல எம்புட்டு இருக்குன்னு சொல்ல முடியுமாவே?"

"ஏன் முடியாது?" என்றார் அப்பா.

புலிக்கு ஆட்டைக் காட்டியது போலத்தான். அளவுகோலை எடுத்து வரச் சொன்னார். பெட்டியின் வெளிப்பக்கத்தை அளந்தார், பலகைக் கனத்தைக் கழித்தார், உயரத்தை அளந்தார், அடிப்பலகையின் கனத்தையும் மறக்காமல் கழித்தார். அவர் அடியும் அங்குலமுமாக எழுதியதை நான் சாணில் சொல்கிறேன். பக்கம் ஒவ்வொன்றும் இரண்டு சாண், ஆழம் ஐந்து சாண்.

பிறகு பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் ஆறு மூலைப் படம் போட்டார். நடுவில் ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கோடு. தோசையைப் பங்கு போட்டது போல ஆறு முக்கோணம் கிடைத்தது. "பக்கம் எம்புட்டோ, நடுவுல இருந்து மூலைக்குத் தூரமும் அம்புட்டுத்தான்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அது எப்படி அத்தனை ஒழுங்காக அமையும்? துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை ஒரே நீளமாக ஒடித்து வெளித்திண்டில் வைத்துப் பார்த்தேன். ஆறு ஈர்க்கு சுற்றிலும், ஆறு ஈர்க்கு நடுவிலிருந்து. ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல் பொருந்தியது! எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. யாரிடம் சொல்வது? அம்மா, "தொடப்பத்த ஒடிச்சவ யாருட்டி?" என்றாள். அத்தோடு சரி.

அந்த ஆறு முக்கோணத்தையும் கூட்டினால் என்ன வரும் என்பதற்கு அப்பா ஒரு சுருக்கு வழி சொன்னார். பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கு. அதை இருபத்தாறால் பெருக்கிப் பத்தால் வகு. வந்ததை ஆழத்தால் பெருக்கு. அவ்வளவுதான். நீங்களும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், சாகிற வரைக்கும் மறக்காது. பள்ளிக்கூடத்தில் ஒரு கன அடி மரப்பெட்டி இருந்தது. அதில் எத்தனை படி அரிசி பிடிக்கும் என்று அளந்து, கணக்கை முடித்து, அப்பா விடையைச் சொன்னார். மூப்பர் வாயைப் பிளந்தார். அன்று மாலையே பக்கத்து இரண்டு சபைகளுக்கும் ஆள் போயிற்று.

அசனத்துக்கு இரண்டு நாள் முன்னால் அத்தை முக்காலி போட்டு ஏறி, பெட்டியிலிருந்த அரிசியை வாரி ஓலைக் கடகங்களில் நிரப்பினாள். தெருப் பெண்கள் அவள் வீட்டு முற்றத்துக்குச் சுமந்து போனார்கள். அங்கே புடைத்துக் கல் நீக்கி, மறுநாள் சமையல் கொட்டகையில் மூப்பர் முன்னால் படியால் அளந்து போட்டாள். அளந்து முடிந்தபோது மூப்பருக்கு வேர்த்துவிட்டது. அப்பா சொன்ன கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு இல்லை.

"ஏம்மா, மீதி எங்கன?"

"மீதின்னா? இருந்தத வாரினேன், புடைச்சேன், அளந்துட்டேன். குருணையும் கல்லும் அந்தா மொறத்துல கெடக்கு, பாத்துக்கிடுங்க."

"குருணை இம்புட்டா போகும்? ராத்திரி அரிசி ஒன் வீட்டுலதான கெடந்துச்சு?"

அத்தைக்கு அப்போதுதான் விளங்கியது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

அளப்பதைப் பார்க்க வந்திருந்த அப்பா பக்கம் மூப்பர் திரும்பினார். "சார்வாள், கணக்குல எங்கயாச்சும் தப்பு வந்திருக்குமோ?"

அப்பா கரும்பலகையில் போட்டதை மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்திருப்பார். "கணக்குல தப்பு வராது" என்றார்.

வேறொன்றும் சொல்லவில்லை. அத்தை திருடினாள் என்று அவர் வாயால் சொல்லவே இல்லை. இன்றைக்கு யோசித்தால், அவர் மனசில் அப்படி ஒரு நினைப்பே இருந்திராது என்றுதான் படுகிறது. பெருக்கலையும் வகுத்தலையும் பற்றிக் கேட்டார்கள், அதற்குப் பதில் சொன்னார். ஆனால் கொட்டகையில் நின்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒருத்தி தன் கடகத்தை அத்தை பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன்.

ஐயர் வந்தார், விசாரித்தார், மோவாயைத் தடவினார். அடுத்த ஞாயிறு சபை கூடித் தீர்மானிக்கும், அதுவரை சாவியை மூப்பரிடம் கொடுத்துவிட வேண்டும், அப்பமும் ரசமும் வாங்குகிற நற்கருணைப் பந்திக்கும் வரவேண்டாம் என்று சொன்னார். சபை அவளைக் குற்றவாளி என்று தீர்த்தால் என்ன ஆகும் என்பது சின்னப் பிள்ளை எனக்கே தெரியும். எந்த வீட்டு வாசலிலும் அவள் பையை நீட்ட முடியாது. செத்தால்கூட மணி அடிக்கமாட்டார்கள்.

குறைந்த அரிசிக்கு வீடு வீடாகக் கொடுத்துச் சமாளித்தார்கள். அசனம் நடந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் போயிருக்கும். வாழையிலையில் சோறும் குழம்பும் கூட்டும், எல்லாருக்கும் போதுமான அளவு இருந்தது. அத்தை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அந்த வருஷம் முழுவதும் பிடி பிடியாகச் சேர்த்தவள் அந்தப் பந்தியில் இல்லை.

வீட்டில் அம்மா அன்றைக்கு அப்பாவோடு மல்லுக்கு நின்றாள். "அவ ஒரு மணி அரிசி எடுக்கமாட்டா. எனக்குத் தெரியும்."

"நான் எடுத்தான்னு சொன்னேனா?"

"சொல்லாண்டாம். கணக்குல தப்பு வராதுன்னியளே, அது போதாதா?"

"தப்பு இல்லாத கணக்கத் தப்புன்னு சொல்லச் சொல்லுதியா?"

அம்மா முந்தானையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு ஒரு வழி தோன்றியது. கணக்கு தப்பு என்று காட்டிவிட்டால்? அத்தை மேல் பாசம் பொங்கிச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். மூக்கை உறிஞ்சாதே என்கிறவள் மேல் என்ன பாசம்! எனக்கு அந்த இருபத்தாறும் பத்தும்தான் அரித்துக்கொண்டிருந்தது. அது எங்கேயிருந்து வந்தது? அப்பா சொன்னால் ஆயிற்றா?

சிநேகிதிகளிடமிருந்து சிலேட்டுகள் வாங்கினேன். எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவுச் சிலேட்டுகள். ஆற்றங்கரையில் மணலைத் தட்டிச் சமமாக்கி, முதலில் நாலு சிலேட்டைச் சதுரமாக நிறுத்திப் பனைநாரால் கட்டினோம். வெளிப்புறம் மணலை அணைத்தோம். உள்ளே உலர்ந்த மணலைச் செம்பால் மொண்டு போட்டோம். பத்துச் செம்பில் தலைதட்ட நிறைந்தது. பிறகு அதே சிலேட்டுகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்து ஆறு மூலையாக நிறுத்தினோம். மூலைகள் சரியாக வரவேண்டுமே, அதற்காக அடியில் ஈர்க்கு வைத்து அடையாளம் போட்டேன்.

"ரெண்டு சிலேட்டுதான கூட? பதினஞ்சு செம்பு புடிக்கும்" என்றாள் ஒருத்தி. நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினைந்து போட்டோம், பாதிக்குச் சற்று மேலேதான் வந்தது. இருபது போட்டோம், இன்னும் பள்ளம். எங்களுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இரண்டு சிலேட்டு கூடினால் இத்தனை இடம் எங்கிருந்து வருகிறது? இருபத்தாறாவது செம்பைக் கொட்டிக் கையால் தடவினேன். தலைதட்ட நின்றது. பத்துக்கு இருபத்தாறு! சிலேட்டுகளைப் போட்டுவிட்டு நான் தண்ணீரில் குதித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரப் பாவாடையோடு கரையேறும்போதுதான் உறைத்தது. கணக்கு சரி என்றால் அத்தை கதி?

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து வெறும் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, பெட்டிய அடிமட்டும் வாரினியளா? மூலையில எதும் தங்கிருக்குமோ?"

"என்னத்தத் தங்குதது? அடிப்பலகைய முந்தானையால தொடச்சே எடுத்தேன்."

"கை எட்டிச்சா?"

"முக்காலில ஏறிக் குனிஞ்சேன், எட்டிச்சு. என்னத்துக்குட்டி கேக்கே?"

நான் அவள் கையைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். முழங்கையில் சுருங்கிய அந்தக் குட்டைக் கை ஐந்து சாண் ஆழத்துக்கு எப்படி எட்டும்? கணக்கும் பொய் சொல்லவில்லை, இவளும் பொய் சொல்லவில்லை என்றால், மிச்சம் இருப்பது பெட்டி மட்டும்தானே?

கோயில் கதவு திறந்திருந்தது. பெட்டி காலி என்பதால் பூட்டவும் இல்லை. பக்கத்தில் போய் நின்றேன். விளிம்பு என் மூக்குக்கு வந்தது. முக்காலியில் ஏறி மூடியைத் தள்ளினேன். முதுகில் அடி விழும் என்று தெரியும். ஆனாலும் காலை உள்ளே போட்டு இறங்கிவிட்டேன். நிமிர்ந்து நின்றால், விளிம்பு என் நெஞ்சுக்கு இருந்தது. அதற்குள் நான் வளர்ந்துவிடவில்லையே! குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். டொம் என்றது. கீழே வெற்றிடம்.

"ஏட்டி! எங்கன நிக்கே? இறங்கு கீழ!"

ஐயர். எங்கள் ஐயர் நல்ல குட்டை, வேகமாக வந்ததில் அங்கி தடுக்கிற்று. எனக்கு வாய் நிற்கவில்லை. "ஐயரே, வெளிய நின்னா மூக்கு, உள்ள நின்னா நெஞ்சு. அடியில பொள்ளலா இருக்கு. கேளுங்க" என்று இன்னொரு மிதி மிதித்தேன்.

அவர் அடிக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முகம் வெளிறிப்போய், பக்கத்தில் விரித்திருந்த பாயில் உட்கார்ந்துவிட்டார். "பைய இறங்கு பிள்ளே" என்றார். "யார்ட்டயும் சொல்லாத. நானே சொல்லுதேன்."

ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து சபை கூடியது. அத்தை கடைசிப் பாயில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூப்பர் எழுந்து நடந்ததைச் சொன்னார். அப்பாவின் கணக்கைச் சொன்னார். ஐயர் தலையைக் குனிந்து வேதப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். சொல்லமாட்டாரோ? எனக்கு அழுகை முட்டியது. எழுந்து கத்திவிடலாம் என்று பாவாடையைக் கூட்டிப் பிடித்தேன்.

அப்போது ஐயர் எழுந்து, பெட்டிப் பக்கம் போய் நின்றார். "இதுக்குள்ள ஒரு சாண் உசரத்துல ரெண்டாவது பலகை இருக்கு" என்றார். "நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல தச்சன்ட்டச் சொல்லிப் போட்டது. வெள்ளைக்கார ஐயர் நல்ல உசரம். மேடையில நான் நின்னா, கீழ பாயில இருந்தவங்களுக்கு நெத்திதான் தெரிஞ்சுது. பிள்ளைக சிரிச்சுது. அதான் போடச் சொன்னேன். ஒருத்தருக்கும் சொல்லல."

மூப்பர் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். பலகை பெயர்ந்து வந்தது. கீழே ஒரு சாண் இருட்டும் ஒட்டடையும்.

அந்தப் பலகை ஐயருக்கு எப்போது ஞாபகம் வந்தது? நான் மிதித்தபோதா, அல்லது கொட்டகையில் மோவாயைத் தடவியபோதேயா? தெரியாது. பின்னதுதான் என்று என் மனசு சொல்கிறது. ஊருக்கு முன்னால் "நான் குட்டை" என்று சொல்வது ஒரு ஆணுக்கு எத்தனை கஷ்டம் என்று எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் சொன்னாரே.

அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓடிப்போய் அளவுகோலை எடுத்து வந்து அந்த வெற்றிடத்தை அளந்தார். விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "அஞ்சு சாணுக்கு ஒரு சாண்! அஞ்சுல ஒரு பங்கு! அரிசி அளந்ததும் இதுவும் ஒத்துப்போகுது!" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நான் சொன்னேம்லா, கணக்குல தப்பு வராதுன்னு!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அத்தை எழுந்தாள். "சார்வாளுக்குக் கணக்கு சரியாப் போச்சு. சந்தோசம்" என்றாள். மூப்பர் நீட்டிய சாவியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

அடுத்த சனிக்கிழமை பையோடு வந்துவிட்டாள். வேலையை விடவில்லை. மற்ற வீடுகளில் எப்போதும்போலப் பையை விரித்தாள். எங்கள் வீட்டு வாசலில் மட்டும், "வாத்தியார் வீடுல்லா, அளந்து போடுங்க" என்று நின்றாள். அம்மா உழக்கை எடுத்து வந்து அளந்து போட்டாள், முகம் சிவக்க. அதற்கடுத்த வாரமும் அப்படியே. கோடை முழுவதும் அப்படியே. அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த நேரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ வேலை வைத்துக்கொண்டார்.

ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த வாரம், அப்பா வீட்டில் இருந்தார். அத்தையின் குரல் கேட்டதும் அம்மா கையிலிருந்த கலயத்தை வாங்கிக்கொண்டு தானே வாசலுக்குப் போனார். உழக்கை எடுக்கவில்லை. கலயத்தை அப்படியே பைக்குள் கவிழ்த்தார்.

"அளக்கலியே, சார்வாள்?"

"வேண்டாம்க்கா." அப்பா கலயத்தின் அடியைத் தட்டி, ஒட்டியிருந்த அரிசியையும் உதிர்த்தார். "கணக்குல தப்பு இல்ல, ஆனா இவ எடுத்திருக்கமாட்டான்னு அன்னைக்கி நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லாமப் போய்ட்டேன்."

அத்தை பையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். அவசரமே படவில்லை. பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, அசனத்துல நானும் ஒரு வாய்ச் சோறு தின்னுருப்பேன், சார்வாள்."

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அப்பா கலயத்தைக் கையில் பிடித்தபடி, நான் கூப்பிடுகிறவரை அங்கேயே நின்றார்.